எந்த மாதம் போய்ப் பார்த்தீர்கள்?

'புன்னகை மன்னன்' படத்தில் கமலும் ரேகாவும் குதிக்கும் அருவி ஞாபகம் இருக்கிறதா? கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் இருக்கும் அதிரப்பள்ளி அருவி அது. நம் ஊர்க்காரர்கள் பலர் இன்றும் அதை 'புன்னகை மன்னன் அருவி' என்றுதான் சொல்கிறார்கள். வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை சோதனைச் சாவடி வழியாக இறங்கினால், அடர்ந்த காட்டுக்குள் நெடுந்தூரம் வந்து, வாழச்சால் என்ற இடத்தைத் தாண்டி, அருவியை அடையலாம். இந்த வழியில் காரில் போகிறவர்கள் பெரும்பாலும் அருவியில்தான் இறங்குவார்கள். நான் எழுத வந்தது அருவிக்குச் சற்று மேலே, வாழச்சாலை ஒட்டி ஆற்றங்கரையில் இருக்கும் காட்டைப் பற்றி.

அங்கேதான் கேரள மின்வாரியம் 163 மெகாவாட் நீர்மின் திட்டம் ஒன்றைப் போட்டது. 23 மீட்டர் உயர அணை. அங்கிருந்து தண்ணீரைச் சுரங்கக் குழாயில் திருப்பி, அருவிக்குக் கீழே மின்நிலையத்தில் விழவைத்து, மறுபடி ஆற்றில் விடுவது. நடுவில் ஏழெட்டு கிலோமீட்டர் ஆறு, விடுகிற அளவு தண்ணீரை நம்பி ஓட வேண்டும். நீரில் மூழ்குவது நூறு ஹெக்டேர் சொச்சம்தான். இந்திய அணைகளின் கணக்கில் அது சின்னப் பரப்பு. அப்படித்தான் ஆதரித்தவர்களும் சொன்னார்கள்: சின்ன அணை, கொஞ்சம் காடு, நிறைய மின்சாரம்.

அருவி வற்றிவிடுமா என்பதைச் சுற்றித்தான் அதிகமாகச் சண்டை நடந்தது. சுற்றுலா, சினிமா, கடைக்காரர்களின் பிழைப்பு எல்லாம் அதில் இருந்ததால் அது இயல்புதான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொரு கேள்வி. அந்த நூறு ஹெக்டேரில் என்ன வாழ்கிறது, அது அந்த இடத்தை எதற்குப் பயன்படுத்துகிறது என்று யார், எப்போது, எத்தனை நாள் பார்த்தார்கள்? ஒரு அணையோ சாலையோ துறைமுகமோ வருவதற்கு முன் அரிய உயிரினங்களின் வாழிடத்தை மதிப்பிடுவது எப்படி என்று என்னிடம் யாராவது கேட்டால், நான் அதிரப்பள்ளியைத்தான் காட்டுவேன். செய்யக்கூடாத விதமும் செய்திருக்க வேண்டிய விதமும் அந்த ஒரே ஆற்றங்கரையில் கிடைக்கின்றன.

முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு சட்டப்படி கட்டாயமானது 1994-ஆம் ஆண்டு அறிவிக்கையால். இப்போது நடப்பில் இருப்பது 2006-ஆம் ஆண்டு அறிவிக்கை. திட்டம் போடுகிறவரே ஒரு ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தி, அவரே பணம் கொடுத்து, அறிக்கையை எழுதி வாங்குவார். அந்த நிறுவனம் இந்தியத் தரக் கவுன்சிலின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். திட்ட இடத்தைச் சுற்றி வழக்கமாகப் பத்து கிலோமீட்டர் ஆரத்துக்குள் காற்று, நீர், மண், ஒலி, உயிரினங்கள், மக்கள் ஆகியவற்றின் இன்றைய நிலையைப் பதிவுசெய்ய வேண்டும்.

பணம் கொடுப்பவருக்கு எதிராக அறிக்கை எழுத எந்த நிறுவனத்துக்கும் மனம் வராது. இந்தக் குறையை எல்லோரும் சொல்கிறார்கள், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நேர்மையான ஆலோசகர் வந்தாலும் தோற்றுப்போகும்படி இன்னொரு குறை விதியிலேயே இருக்கிறது. அது பருவம்.

1994 அறிவிக்கையின் கீழ் நடந்த 'விரைவு' மதிப்பீட்டுக்கு ஒரே ஒரு பருவத்தின் தரவு போதும், அதுவும் மழைக்காலம் அல்லாத பருவமாக இருக்க வேண்டும். பெரிய அணைத் திட்டங்களுக்கு இப்போது ஒன்றுக்கு மேற்பட்ட பருவங்கள் கேட்கப்படுகின்றன என்றாலும், மற்ற பல திட்டங்களுக்கு இன்னும் அந்த ஒற்றைப் பருவம்தான் வழக்கம். மழைக்காலத்தை ஏன் விலக்கினார்கள்? காற்றில் இருக்கும் தூசியை அளப்பவருக்கு மழை இடைஞ்சல். மழை தூசியைக் கழுவிவிடும், உண்மையான அளவு தெரியாது. அதனால் வெயில் காலத்தில் அளக்கச் சொன்னார்கள். தூசிக்கு அது சரி. அதே விதியைத் தவளைக்கும் மீனுக்கும் செடிக்கும் நீட்டியதுதான் தப்பு. மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரும்பாலான தவளைகள் கூப்பிடுவதும் முட்டையிடுவதும் மழையில். ஆற்று மீன்களில் பல வெள்ளம் வரும்போதுதான் இனப்பெருக்கத்துக்காக மேலேறும். பாறை மேட்டுக் குட்டைகளில் பூக்கும் சிறுசெடிகள் மழை நின்ற சில வாரங்களில் பூத்து, விதைத்து, காய்ந்துபோகும். மார்ச் மாதத்தில் கொளுத்தும் வெயிலில் போய்ப் பார்த்தால் அங்கே வெறும் பாறைதான் தெரியும். அறிக்கையில் 'குறிப்பிடத்தக்க தாவரங்கள் இல்லை' என்று வரும். எழுதியவர் பொய் சொல்லவில்லை, அவர் போன அன்று இல்லைதான்.

நான் படித்த அறிக்கைகளின் உயிரினப் பட்டியல்கள் ஏறத்தாழ ஒரே முகம் கொண்டவை. வரிசை எண், உள்ளூர்ப் பெயர், அறிவியல் பெயர், சட்ட அட்டவணை என்று நான்கு கட்டங்கள். காகம், மைனா, கொண்டைக்குருவி, அணில், கீரி, ஓணான். கடற்கரைத் திட்டம், மலைத் திட்டம் எல்லாவற்றுக்கும் இவை வரும். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் பார்த்தது என்ற கட்டம் மட்டும் இருக்காது. இந்த அலட்சியத்தின் உச்சமாக, மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரியில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்குத் தயாரான மதிப்பீட்டு அறிக்கையில் ரஷ்யச் சுரங்கம் ஒன்றின் அறிக்கையிலிருந்து பத்திகள் அப்படியே வந்து விழுந்திருந்தன. கொங்கண் மண்ணில் ஸ்ப்ரூஸ் காடும் பிர்ச் மரங்களும்! யாரோ அறிக்கையை உட்கார்ந்து படித்ததால்தான் அது வெளியே வந்தது.

இப்போது அதிரப்பள்ளிக் காட்டுக்குள் வருவோம். ஒரு ஆமையிலிருந்து தொடங்குகிறேன்.

1912-இல் ஜே. ஆர். ஹெண்டர்சன் என்பவர் ஒரு புதிய ஆமை இனத்தை விவரித்து எழுதினார். நம் எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர் அவர். ஆமை கிடைத்த இடம் அன்றைய கொச்சி சமஸ்தானத்துக் காடு, சாலக்குடிக்கு அருகே காவலை என்ற பகுதி. பிரம்பு ஆமை என்று அதைச் சொல்கிறோம். உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவு. ஆற்றிலோ குளத்திலோ இருக்காது. பசுமைமாறாக் காட்டின் தரையில், உதிர்ந்த இலைக் குவியலுக்குள் புதைந்து கிடக்கும். ஓட்டின் நிறமும் காய்ந்த இலையின் நிறமும் ஒன்றுபோலவே இருப்பதால், காலருகே கிடந்தாலும் கண்ணுக்குச் சிக்காது. ஹெண்டர்சனுக்குப் பிறகு எழுபது ஆண்டுகள் அறிவியல் உலகம் இந்த ஆமையை உயிரோடு பார்க்கவே இல்லை.

1982-இல் அதைத் தேடிக் கண்டுபிடித்தவர் ஜெ. விஜயா. சென்னைப் பாம்புப் பண்ணையில் தன்னார்வலராகத் தொடங்கியவர். இந்தியாவின் முதல் பெண் ஊர்வன ஆய்வாளர் என்று அவரைச் சொல்வார்கள். சாலக்குடிக் காட்டில் தங்கி, காடர் பழங்குடி மக்களின் உதவியோடு தேடினார். காடர்களுக்கு அந்த ஆமை தொலைந்துபோகவே இல்லை, அவர்கள் எப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். விஜயா 1987-இல், முப்பது வயதைத் தொடாமலே இறந்துபோனார். 2006-இல் அந்த ஆமைக்குத் தனிப் பேரினம் ஒன்றை ஏற்படுத்தி, விஜயாகெலிஸ் என்று அவர் பெயரையே வைத்தார்கள். ஒரு தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூலில் அவர் பெயர் வர வேண்டும் என்று ரொம்ப நாளாக எனக்கு ஆசை.

எழுபது ஆண்டு கண்ணில் படாத ஒன்றை, பத்து நாள் களப்பணியில் ஒரு ஆலோசனைக் குழு பார்த்துவிடும் என்று எப்படி எதிர்பார்ப்பது? பார்க்கவில்லை என்றால் 'இல்லை' என்று எழுதலாமா? இதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு விலங்கு அந்த இடத்தில் உண்மையிலேயே வாழ்கிறது, ஒரு நாள் தேடினால் கண்ணில் படும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்று வையுங்கள். பத்து நாள் தேடினாலும் அது ஒருமுறைகூடக் கண்ணில் படாமல் போகும் வாய்ப்பு நூற்றுக்கு 35. முப்பது நாள் தேடினால்தான் அது நூற்றுக்கு நான்காகக் குறையும். 2002-இல் டாரில் மெக்கென்சியும் அவருடைய சகாக்களும் இந்தச் சிக்கலுக்கான புள்ளியியல் முறையை முறைப்படி எழுதிவிட்டார்கள். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய், பார்த்தது, பார்க்காதது இரண்டையும் பதிவுசெய்தால், 'எவ்வளவு தவறவிட்டிருப்போம்' என்பதையும் சேர்த்து மதிப்பிடலாம். புலிக் கணக்கெடுப்பு முதல் தவளை ஆய்வு வரை உலகமெங்கும் பயன்படும் முறை அது. ஆனால் நம் ஊர்த் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளில் 'எத்தனை முறை தேடினோம்' என்ற எண்ணைப் பார்ப்பதே அபூர்வம்.

அடுத்தது இருவாட்சி. தென்னிந்தியாவில் இருக்கும் நான்கு இருவாட்சி இனங்களும் வாழச்சால் – அதிரப்பள்ளிக் காட்டில் உண்டு. பெரும் இருவாட்சி, கருப்பு வெள்ளை நிறத்து மலபார் இருவாட்சி, இரண்டு சாம்பல் இருவாட்சிகள். இதில் கருப்பு வெள்ளை மலபார் இருவாட்சிக்கு உயர மலைகள் பிடிக்காது. தாழ்வான மலையடிவாரமும் ஆற்றோரத்துப் பெருமரங்களும் வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் அப்படிப்பட்ட தாழ்நிலக் காட்டைத்தான் நாம் தோட்டமாகவும் ஊராகவும் நீர்த்தேக்கமாகவும் முதலில் மாற்றினோம். மிச்சம் இருக்கும் துண்டுகளில் வாழச்சால் ஆற்றங்கரை ஒன்று.

இருவாட்சி கூடு கட்டும் விதம் படித்திருப்பீர்கள், ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் மதிப்பீட்டின் முழுச் சிக்கலும் இதில் இருக்கிறது. பெரிய, வயதான மரத்தில் இயற்கையாக உண்டான பொந்துக்குள் பெண் நுழைந்துகொள்ளும். தன் எச்சத்தையும் பழச்சதையையும் குழைத்து வாசலை அடைத்து, அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விடும். உள்ளே அதன் சிறகிறகுகள் உதிர்ந்துவிடும், பறக்க முடியாது. அடுத்த மூன்று, நான்கு மாதம் ஆண் கொண்டுவரும் பழம்தான் எல்லாம். ஆண் வந்து மரப்பட்டையைப் பற்றி அமர்ந்து, தொண்டையில் வைத்திருக்கும் அத்திப் பழங்களை ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து கீறலுக்குள் நீட்டும். உள்ளிருந்து ஒரு அலகு நுனி வந்து வாங்கிக்கொள்ளும். பக்கத்தில் மனித நடமாட்டம் இருந்தால் ஆண் கிட்டவே வராது, தொலைவில் ஒரு கிளையில் பழத்தோடு காத்திருக்கும். ஆண் செத்துப்போனால் உள்ளே இருக்கும் குடும்பத்தின் கதி அதோகதிதான்.

இதெல்லாம் நடப்பது பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் தொடங்கி கோடையின் நடுவரை. ஆகஸ்டில் போகும் ஆய்வாளர் அந்த மரத்தைப் பார்ப்பார். ஓட்டை உள்ள கிழட்டு மரம் ஒன்று, அவ்வளவுதான். சுற்றளவு அளந்து, இனத்தின் பெயரைக் குறித்து, வெட்டவேண்டிய மரங்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுவார். பிப்ரவரியில் போனாலும், மரத்தடியில் குனிந்து பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். கூட்டுக்கு நேர்கீழே துப்பிய விதைகளும் எச்சமும் சிறு வட்டமாகக் குவிந்திருக்கும். போன வருடத்து விதைகள் முளைத்துக் கன்றுகளாக நிற்கும். கருங்குங்கிலியம், காட்டு ஜாதிக்காய் போன்றவற்றின் கன்றுகள் தாய்மரமே இல்லாத இடத்தில் கூட்டமாக நின்றால், மேலே நிமிர்ந்து பொந்தைத் தேட வேண்டும். ஆண்டுதோறும் அதே பொந்துக்கு இருவாட்சி திரும்பும். ஆகவே காலியாகத் தெரிகிற மரமும் வீடுதான்.

இதைக் காடர்கள் நடந்துகொண்டே படித்துவிடுவார்கள். ஒரு காலத்தில் அவர்களே கூட்டிலிருந்து குஞ்சுகளை எடுத்து உண்டதும் உண்டு, அதனால்தான் எந்த மரம் என்று அத்தனை துல்லியமாகத் தெரியும். 2000-களின் நடுப்பகுதியில் தாவரவியலாளர் அமிதா பச்சன் போன்றவர்களின் முயற்சியில் அதே காடர்கள் கூடுகளைக் காக்கும் கண்காணிப்பாளர்களானார்கள். வாழச்சாலில் கூடு கூடாக, வருடம் வருடமாக, அவர்கள் சேர்த்த பதிவு இருக்கிறது. ஒரு திட்டத்துக்காக அவசரமாக எடுத்த எந்தத் தரவையும்விட அது கனமானது. வாழிட மதிப்பீடு என்றால் நான் கேட்பது இதைத்தான். எந்த உயிர் இருக்கிறது என்பதோடு நின்றுவிடாமல், அது எந்த மாதத்தில் இங்கே என்ன செய்கிறது என்றும் பதிவாக வேண்டும். முட்டையிடுகிறதா, பஞ்ச காலத்தில் மட்டும் உணவுக்கு வருகிறதா, ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகும் வழியில் தாண்டிச் செல்கிறதா? பரம்பிக்குளத்துக்கும் பூயம்குட்டிக்கும் இடையே யானைகள் போய்வரும் தடம் இந்தப் பகுதியில்தான் ஆற்றைக் கடக்கிறது. வருடத்தில் சில நாட்கள் கடக்கும் இடத்தை மற்ற நாட்களில் போய்ப் பார்த்து 'யானை நடமாட்டம் குறைவு' என்று எழுதுவதில் என்ன பொருள்?

மரம் செடிகளுக்கு வருகிறேன். ஆற்றோரக் காடு என்பது ஆற்றிலிருந்து சில பத்து மீட்டர் அகலமே உள்ள ஒரு பட்டை. வெள்ளத்தில் வேர் மூழ்கினாலும் தாங்கும் மரங்கள், பாறை இடுக்கில் பிடித்து நிற்கும் நாவல் இன மரங்கள், வேறெங்கும் வளராத கொடிகள் அதில் இருக்கும். மேடேறினால் அந்தக் கூட்டம் மறைந்து வேறு காடு தொடங்கிவிடும். இந்தப் பட்டையை மூழ்கடித்துவிட்டு வேறு எங்கோ இருமடங்கு பரப்பில் கன்று நட்டால் ஈடாகிவிடும் என்று கோப்பு சொல்கிறது. வெள்ளம் வந்து போகாத இடத்தில் ஆற்றோரக் காடு வளராது, எத்தனை ஹெக்டேர் கொடுத்தாலும் சரி.

சட்டமும் செடிகளைக் கைவிட்டிருந்தது. 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பழைய ஆறாம் அட்டவணையில் இந்தியா முழுமைக்கும் இருந்த தாவரங்கள் ஆறே ஆறு. குடுவைத்தாவரம், சில ஆர்க்கிட்கள், ஒரு சைக்கஸ் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆகவே அறிக்கையில் 'அட்டவணையில் உள்ள தாவரம் எதுவும் இல்லை' என்ற வரி எந்தக் காட்டுக்கும் பொருந்தியது. உலகில் நாலைந்து ஆற்றங்கரைகளில் மட்டும் இருக்கும் ஒரு மரமும் அந்த வரிக்குள் காணாமல் போகும். 2022-இல் சட்டம் திருத்தப்பட்டு அட்டவணைகள் மாற்றி அமைக்கப்பட்டன. ஆனாலும் அட்டவணையைப் பார்த்து மதிப்பிடும் பழக்கம் அப்படியேதான் இருக்கிறது.

மீன் கதையும் இதுதான். 1994-இல் இலங்கையின் ரோஹன் பெத்தியகொடவும் சுவிட்சர்லாந்தின் மொரிஸ் கொட்டலாவும் சாலக்குடி ஆற்றிலிருந்து அறிவியலுக்குப் புதிய மீன் இனங்களை விவரித்தார்கள். கழுத்தில் கருப்புப் பட்டை போட்ட ஒரு மஞ்சள் கெளுத்தி, பாறையில் ஒட்டி வாழும் நீளமான ஒரு அயிரை வகை ஆகியவை அவற்றில் உண்டு. அதிரப்பள்ளிக்கான முதல் தாக்க மதிப்பீடு வந்தது 1996-இல். இரண்டு வருடம் முன்புதான் புதிய மீன்கள் பெயர் பெற்ற ஆறு அது. இன்னும் பெயர் பெறாதது என்னென்ன அதில் இருக்கும் என்ற பயம் அந்த மேசையில் இருந்தவர்களுக்கு வந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. சாலக்குடி ஆறு அணை காணாத ஆறு அல்ல. மேல் சோலையாறு, கீழ்ச் சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம், பெரிங்கல்குத்து என்று ஏற்கெனவே ஆறு அணைகள். இவற்றில் நாலு நம் பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டத்தைச் சேர்ந்தவை. பொள்ளாச்சி, உடுமலை வயல்களுக்கு வரும் தண்ணீரில் இந்த ஆற்றின் பங்கு உண்டு. இதை மறைத்துவிட்டு கேரளத்துக்கு மட்டும் புத்தி சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒவ்வொரு அணையும் அதனதன் பரப்பை மட்டும் கணக்குக் காட்டியது. ஆறு முறை அப்படிக் கழித்த பிறகு மிச்சமிருக்கும் ஆற்றோரக் காட்டுப் பட்டைதான் வாழச்சாலில் இருப்பது. ஏழாவது முறை கழிக்கும்போது 'சின்னப் பரப்பு' என்று எதை வைத்துச் சொல்வது? திட்டம் திட்டமாகப் பிரித்துப் பார்க்காமல், ஆற்றுப்படுகை முழுவதற்கும் மொத்த மதிப்பீடு செய்தால்தான் அந்தப் பட்டையின் அருமை தெரியும்.

வழக்குகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1998-இல் மத்திய அரசு அனுமதி தந்தது. முறையான கருத்துக்கேட்பு நடக்கவில்லை என்று 2001-இல் கேரள உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2002-இல் நடந்த கூட்டத்தில் மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். வேறொரு நிறுவனத்தை வைத்துப் புதிய மதிப்பீடு, 2005-இல் மறுபடி அனுமதி. அந்தப் புதிய அறிக்கையை மக்கள் முன் வைக்காமலே அனுமதி தந்தது தவறு என்று 2006-இல் நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. 2007-இல் மூன்றாவது அனுமதி. 2010-இல் ஜெய்ராம் ரமேஷ் அமைச்சராக இருந்தபோது, அதை ஏன் திரும்பப் பெறக்கூடாது என்று நோட்டீஸ் போனது. 2011-இல் மாதவ் காட்கில் தலைமையிலான மேற்குத் தொடர்ச்சி மலை நிபுணர் குழு, இந்தத் திட்டத்துக்கு அனுமதி கூடாது என்று எழுதியது. கேரளத்தின் சொந்தப் பல்லுயிர் வாரியமே திட்டத்தை எதிர்த்தது. 2014-இல் வாழச்சாலின் ஒன்பது காடர் ஊர்களுக்கு வன உரிமைச் சட்டப்படி சமூக வன உரிமை கிடைத்தது. 2017-இல் அனுமதி காலாவதியானது, 2020-இல் மறுபடி உயிர் கொடுக்கப் பார்த்தார்கள், மறுபடி எதிர்ப்பு. அணை கட்டப்படவில்லை.

இதில் லதா அனந்தாவின் பெயரைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. அறிக்கையில் எழுதியிருந்த நீர்வரத்துக் கணக்கை ஆற்றோடு ஒப்பிட்டு, காடர்களையும் ஆற்றின் கீழ்ப்பகுதி விவசாயிகளையும் சேர்த்து வைத்து, வருடக்கணக்காகக் கேள்வி கேட்டவர் அவர். 2017 நவம்பரில் காலமானார். முழக்கத்தைவிட எண்களை நம்பியவர்.

'இப்படி ஒவ்வொன்றுக்கும் வருடக்கணக்கில் ஆய்வு என்றால் நாட்டில் ஒன்றும் கட்ட முடியாது' என்று சொல்கிறவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. மின்சாரம் வேண்டும், சாலை வேண்டும். ஆனால் மேலே சொன்ன ஆண்டுகளைக் கூட்டிப் பாருங்கள். 1996 முதல் 2020 வரை இழுத்தது எது? முழுதாக ஒரு வருடம், எல்லாப் பருவத்திலும், காடர்களை உடன் வைத்துக்கொண்டு தொடக்கத்திலேயே ஆய்வு செய்திருந்தால், 'இங்கே கூடாது' என்ற பதில் 1997-இலேயே கிடைத்திருக்கும். மின்வாரியம் வேறு வழி தேடப் போயிருக்கும். அரைகுறை மதிப்பீடுதான் காலதாமதத்துக்குக் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நம் பக்கத்து மலைக்கு இதைக் கொண்டுவரும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேரளத்தின் நாட்காட்டி இங்கே செல்லாது. ஊதா நிறத் தவளையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வருடம் முழுக்க மண்ணுக்குள் வாழ்ந்து, கோடை மழையும் தென்மேற்குப் பருவமும் தொடங்கும் சமயத்தில் சில நாட்கள் மட்டும் முட்டையிட வெளியே வருவது. 2003-இல் எஸ். டி. பிஜுவும் ஃபிராங்கி பொசூட்டும் அதைப் பெயரிட்டு விவரித்தார்கள். 2017-இல் அதன் சகோதர இனம் ஒன்று மலையின் நம் பக்கத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயத்தில் இருப்பதாகப் பதிவானது. ஆய்வுப் பயணத்தில் மலையில் உயிரிழந்த ஊர்வன ஆய்வாளர் எஸ். பூபதியின் நினைவாக அதற்கு அவர் பெயர். இந்தத் தவளை முட்டையிடுவது வடகிழக்குப் பருவமழையில். மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம் மே, ஜூன். இந்தப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை. தேனியிலோ விருதுநகரிலோ தென்காசியிலோ ஒரு திட்டத்துக்காக ஏப்ரலில் களப்பணி முடித்த அறிக்கையில் இது வரவே வாய்ப்பில்லை.

ஆகவே உங்கள் மாவட்டத்தில் ஒரு திட்டத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று நாளிதழில் அறிவிப்பு வந்தால், முப்பது நாள் அவகாசம் இருக்கும். அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் கேட்டு வாங்குங்கள். முழு அறிக்கையில் உயிரினங்கள் பற்றிய அத்தியாயத்தைத் தேடுங்கள். களப்பணி எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, இரவில் போனார்களா, மழையில் போனார்களா, ஒரே இடத்துக்கு எத்தனை முறை, உள்ளூரில் யாரைக் கேட்டார்கள் என்று பாருங்கள். உங்கள் ஊரில் ஆடு மேய்ப்பவர், மீன் பிடிப்பவர், தேன் எடுப்பவரிடம் அந்தப் பட்டியலை வாசித்துக் காட்டி, எது விட்டுப்போயிருக்கிறது என்று கேளுங்கள். எந்த மாதத்தில், எந்த இடத்தில் என்று அவர்கள் சொல்வதைத் தேதியோடு எழுதி, வாரியத்துக்கு முன்கூட்டியே தபாலில் அனுப்பி, ஒப்புகையை வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் அதையே எழுந்து நின்று கேளுங்கள். எல்லாம் வீடியோவில் பதிவாகும், நடவடிக்கைக் குறிப்பை முடிவில் மக்கள் முன் அவர்கள் மொழியிலேயே வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் அதற்குள் பந்தல் காலியாகிவிடும். நீங்கள் போய்விடாதீர்கள். உங்கள் கேள்வி அதில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, இல்லையென்றால் சேர்க்கச் சொல்லி, சேர்த்த பிறகு கிளம்புங்கள்.